நாலாயிரம் வெள்ளிக் கோடு

வேலையும் கூலியும் – தொடர் 12

பினாங்கில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆண்டு முழுக்க வெயிலும் மழையும் மாறி மாறி வரும். ஆனால் ஜூலை பிறந்ததும் மற்ற நாடுகளின் கோடை விடுமுறை பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கிவிடுகிறது. கொரியா, ஜப்பான், சீனாவிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். மூன்று நான்கு வாரம் தங்கி ஆங்கிலம் பேசிப் பழகட்டும் என்பது பெற்றோரின் ஆசை. லண்டனுக்கோ சிட்னிக்கோ அனுப்பினால் ஆகும் செலவு இங்கே ஆவதில்லை. கடைக்காரர் முதல் டாக்சிக்காரர் வரை ஆங்கிலத்தில் பதில் சொல்லும் ஊர் இது. நம் பள்ளி விடுமுறைகளில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் இதே மாதிரி முகாம்கள் நடக்கின்றன.

முகாம்களின் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது வெளிநாட்டு ஆசிரியரின் முகம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் பாடம் நடத்துவார் என்ற ஒரு வரியை நம்பித்தான் பல பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். அந்த ஆசிரியர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார், குறித்த நேரத்தைத் தாண்டினால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். தோட்டத்தையும் துறைமுகத்தையும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளையும் பார்த்த இந்தத் தொடரில் இவருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல சம்பளம் வாங்குகிறவர்தானே என்றும் நினைக்கக்கூடும். அந்த நினைப்போடு நம் சட்டமும் நின்றுவிட்டது. எனக்குள்ள குறை அதுதான்.

முகாமில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பாருங்கள். காலை ஏழரைக்குப் பிள்ளைகளோடு பசியாற உட்கார வேண்டும், பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். ஒன்பது மணிக்கு வகுப்பு தொடங்கும். பகலுணவும் பிள்ளைகளோடுதான். பிற்பகலில் ஊர் சுற்றல்: ஆர்மேனியன் தெருச் சுவரோவியங்கள், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், கூ கொங்சி, இன்னொரு நாள் கொடிமலை ரயில், மற்றொரு நாள் தெலுக் பாஹாங். வெயிலில் முப்பது பிள்ளைகளை எண்ணிக்கொண்டே நடக்கிறவருக்கு அது சுற்றுலா அல்ல. ஐந்தரைக்குத் திரும்பினால் குளித்துவிட்டு ஏழு மணிக்கு மறுபடி சாப்பாட்டுக் கூடத்தில் இருக்க வேண்டும். எட்டு மணிக்கு நாடகம், பாட்டு, கதை சொல்லும் போட்டி. ஒன்பதரைக்குப் பிள்ளைகள் அறைக்குப் போனதும் பெற்றோருக்கு அனுப்ப வேண்டிய குறிப்புகளை எழுத வேண்டும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ, அம்மாவை நினைத்து அழுதாலோ இரவு பதினொன்றுக்கும் கதவு தட்டப்படும்.

ஒப்பந்தத் தாளில் மட்டும் வாரத்துக்கு 25 அல்லது 30 மணி நேரம் 'வகுப்பு' என்று இருக்கும். மற்றதெல்லாம் 'முகாம் நடவடிக்கைகளில் பங்கேற்பு' என்ற ஒற்றை வரிக்குள் போய்விடும். அந்த வரியில்தான் ஆசிரியரின் மாலை நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் மறைகின்றன.

நம் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. சட்டத்தைப் படித்துப் பார்க்காமல் 'ஆசிரியர் வேலைக்கெல்லாம் ஓ.டி. கிடையாது' என்று சொல்லிவிடும் முதலாளிகள் பலர் உண்டு. அது சரியல்ல. வேலை நேரத்தைப் பேசும் 60ஏ பிரிவு ஆசிரியர் என்பதற்காக ஒருவரை ஒதுக்கவில்லை. வேலை நேரம் என்றால் என்ன என்பதற்கு அது தரும் விளக்கத்தை ஒவ்வொரு முகாம் ஆசிரியரும் மனப்பாடம் செய்துகொள்ளலாம்: தொழிலாளி முதலாளியின் வசத்தில் இருந்து, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாத நேரம் எல்லாம் வேலை நேரம். கரும்பலகை முன்னால் நிற்கும் நேரம் மட்டும் வேலை என்று சட்டம் சொல்லவில்லை. பிள்ளைகளோடு சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் அந்தச் சாப்பாடும் வேலை. கொடிமலை ரயிலுக்கு வரிசையில் நிற்பதும் வேலை. இரவில் விடுதி மாடியைவிட்டு நகரக்கூடாது என்று உத்தரவு இருந்தால், கண்விழித்துக் காத்திருக்கும் அந்த நேரமும் இந்த விளக்கத்துக்குள் வரும் என்றே நான் வாதாடுவேன்.

அதே பிரிவு நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வரம்பு கட்டுகிறது. 2023 ஜனவரி 1 வரை அது 48-ஆக இருந்தது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். இவை பலருக்கும் தெரிந்தவை. அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. இடையில் எவ்வளவு ஓய்வு கொடுத்தாலும், ஒரு நாளின் வேலை தொடங்கியதிலிருந்து பத்து மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். பத்து மணி நேரம் கடந்த பிறகும் வேலை வாங்கினால், அந்தப் பத்தாவது மணி முடிந்த கணத்திலிருந்து அன்றைய வேலையை விட்டு அவர் போகும் வரை உள்ள முழு நேரமும் மிகுநேரம் (ஓ.டி.) என்று கொள்ளப்படும்.

முகாமுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஏழரைக்குத் தொடங்கிய நாள் மாலை ஐந்தரைக்கு முடிய வேண்டும். இரவு ஒன்பதரை வரை நீண்டால் நான்கு மணி நேரம் மிகுநேரம். நடுவில் குளிக்கப் போன நேரத்தைக் கழிக்க முடியாது. மத்தியானம் இரண்டு மணி நேரம் சும்மாதானே இருந்தார் என்று சொல்லித் தப்பவும் முடியாது. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று வேலையைத் துண்டு துண்டாக்கி ஒருவரின் முழு நாளையும் பிடித்து வைக்கும் பழக்கத்தைத் தடுக்கவே இந்த விதி இருக்கிறது.

கணக்கும் போட்டுவிடலாம். மாதம் 3,900 வெள்ளி சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியர், வாரம் ஆறு நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் வேலை. சட்டப்படி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் நாள் கூலி 150 வெள்ளி. அதை ஏழரையால் வகுத்தால் மணிக்கு 20 வெள்ளி. மிகுநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 30 வெள்ளி. நாளுக்கு நான்கு மணி நேரம் வீதம் நான்கு வார முகாமின் 24 நாளுக்கு 96 மணி நேரம். மொத்தம் 2,880 வெள்ளி. மாதச் சம்பளத்தில் முக்கால் பங்குக்கு நெருக்கமான தொகை. ஒரு மாதத்தில் 104 மணி நேரத்துக்கு மேல் மிகுநேரம் வாங்கக்கூடாது என்று 1980-ஆம் ஆண்டு விதிமுறை சொல்வதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். இந்த முகாம் அந்த எல்லையை உரசிக்கொண்டு நிற்கிறது. ஜூலையில் வரும் பினாங்கு ஆளுநரின் பிறந்தநாளிலோ ஆகஸ்ட் 31-இலோ வேலை வாங்கினால், அன்றைய பொது விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இன்னும் இரண்டு நாள் கூலி தர வேண்டும்.

இவ்வளவு நல்ல சட்டம் இருக்கும்போது என்ன குறை என்று கேட்பீர்கள். சட்டத்தின் முதல் அட்டவணையைப் புரட்டினால் தெரியும். 2012-க்கு முன் மாதம் 1,500 வெள்ளி வரை வாங்குகிறவருக்குத்தான் பொதுவாக இந்தச் சட்டம் பொருந்தியது. 2012-இல் அது 2,000 ஆனது. 2023-இல் வந்த திருத்தம் பெரிய மாற்றத்தைச் செய்தது. எவ்வளவு சம்பளம் வாங்கினாலும், எந்த நாட்டவரானாலும் வேலை ஒப்பந்தத்தில் இருப்பவர் எல்லாரும் சட்டத்தின் நிழலுக்குள் வந்தார்கள். தொழிற்சங்கங்கள் நெடுநாள் கேட்டது அது. ஆனால் கூடவே ஒரு கோடும் போட்டார்கள். மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குகிறவருக்குப் பொதுவாகச் சில பிரிவுகள் மட்டும் பொருந்தாது. அவற்றில் முக்கியமானவை எவை? மிகுநேரச் சம்பளம், ஓய்வு நாளில் வேலை செய்தால் கிடைக்கும் சம்பளம், பொது விடுமுறையில் வேலை செய்தால் கிடைக்கும் சம்பளம், வேலை நிறுத்தப்பட்டால் கிடைக்கும் இழப்பீடு.

இங்கேதான் வெளிநாட்டு ஆசிரியர் விழுகிறார். அவர் முறையாக வேலை செய்யக் குடிநுழைவு இலாகாவிடம் வேலை அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 2017 முதல் நடப்பில் இருந்த பிரிவுகளின்படி, இரண்டாம் வகைச் சீட்டுக்கு மாதச் சம்பளம் 5,000 வெள்ளிக்குக் குறையக்கூடாது என்று இருந்தது. மூன்றாம் வகை 3,000-த்தில் தொடங்கியது. ஆனால் அந்தச் சீட்டில் மனைவி மக்களை அழைத்து வர முடியவில்லை. ஆகவே குடும்பத்தோடு பினாங்கில் தங்கிப் பாடம் நடத்த வேண்டும் என்றால் ஒருவர் 5,000 வெள்ளியாவது வாங்கியே ஆக வேண்டியிருந்தது. நாட்டுக்குள் நுழைய ஒரு சட்டம் கேட்கும் தொகை, இன்னொரு சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து அவரை வெளியே தள்ளிவிடுகிறது. 3,900 வாங்குகிறவரின் நான்கு வார மாலைகளுக்கு 2,880 வெள்ளி. 5,000 வாங்குகிறவரின் அதே மாலைகளுக்குச் சட்டப்படி ஒரு காசும் இல்லை. முகாம் முடியும்போது குறைந்த சம்பளக்காரர் கையில் 6,780, கூடுதல் சம்பளக்காரர் கையில் 5,000.

ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். 4,000-த்துக்கு மேல் வாங்குகிறவருக்கு, வேலை நேரம் பற்றிய 60ஏ பிரிவில் மிகுநேரச் சம்பளப் பகுதி மட்டும்தான் பொருந்தாது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 45 மணி என்ற வரம்பும் வாரம் ஒரு நாள் முழு ஓய்வும் அவருக்கும் உண்டு. வரம்பு இருக்கிறது, வரம்பை மீறினால் கொடுக்க வேண்டிய விலை இல்லை. விலை இல்லாத வரம்பை முகாம் நடத்துகிறவர் எதற்காக மதிக்கப் போகிறார்? சட்டத்தை மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம் உண்டுதான். ஆனால் அதற்கு யாராவது புகார் கொடுக்க வேண்டும், இலாகா விசாரிக்க வேண்டும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் தானாக ஏறும் தொகைதான் முதலாளியின் கையை உடனே கட்டும். 45 மணி நேரத்தைச் சட்டமாக்கியவர்கள் அந்த மணிகளுக்குக் காவலாக இருந்த கூலியை ஒரு பகுதியினருக்கு எடுத்துவிட்டது பெரும் பிழை என்றே சொல்வேன்.

இன்னொரு வகையினரின் நிலை இதைவிட மோசம். ஆறு வாரத்துக்காக மட்டும் வருகிறவருக்கு முழு வேலை அனுமதிச் சீட்டு எடுக்கும் சிரமத்தை எல்லா நிறுவனங்களும் படுவதில்லை. வெளிநாட்டு நிறுவனம் தன் ஆசிரியரைத் தற்காலிகமாக இங்கே அனுப்புவதற்கு நிபுணத்துவ வருகைச் சீட்டு என்று ஒன்று உண்டு. அதில் வருகிறவரின் முதலாளி வெளிநாட்டிலேயே இருப்பார், சம்பளமும் அங்கேயே. நம் தொழிலாளர் இலாகா யாரைக் கூப்பிட்டு விசாரிக்கும்? சுற்றுப்பயணியாக வந்து இறங்கிச் சத்தமில்லாமல் பாடம் நடத்துகிறவர்களும் உண்டு. குடிநுழைவுச் சட்டப்படி அது குற்றம். போதாக்குறைக்கு 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டம், பதிவோ கற்பிக்கும் அனுமதியோ இல்லாமல் கல்வி நிலையங்களில் யாரும் பாடம் நடத்தக்கூடாது என்கிறது. அப்படி நடத்த வைத்த நிறுவனம் கூலி கொடுக்காமல் போனால், அந்த ஆசிரியர் இலாகாவின் படியேறப் பயப்படுவார். பயம்தான் அந்த வியாபாரத்தின் முதல்.

கூடவே வேலை செய்யும் நம் பிள்ளைகளையும் மறந்துவிடக்கூடாது. பல்கலைக்கழக விடுமுறையில் முகாமுக்குப் போகும் தமிழ், சீன, மலாய் இளைஞர்கள் 'துணைப் பயிற்றுநர்' என்ற பெயரில் நாள் கூலிக்கு நிற்கிறார்கள். பிள்ளைகளை எழுப்புவதும், துணி துவைக்க அனுப்புவதும், தொலைந்த காலணியைத் தேடுவதும் அவர்கள்தான். அவர்களின் சம்பளம் 4,000-த்துக்குக் கீழே. ஆகவே மிகுநேரச் சம்பளம் அவர்களுக்கு முழு உரிமை. ஆனால் அவர்களைத் தொழிலாளி என்று எழுதாமல் 'சுயேச்சைப் பயிற்றுநர்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது வழக்கமாகிவிட்டது. 2023 திருத்தத்தில் சேர்ந்த 101சி பிரிவு இதற்கு நல்ல மருந்து. எழுத்து வடிவ வேலை ஒப்பந்தம் இல்லாத இடத்தில், ஒருவரின் வேலை நேரத்தையும் வேலை செய்யும் முறையையும் இன்னொருவர் தீர்மானித்தால், கருவிகளை அவரே கொடுத்தால், அந்த வேலை அவருடைய வியாபாரத்தின் பிரிக்க முடியாத பகுதியாக இருந்தால், இருவருக்கும் இடையில் இருப்பது முதலாளி தொழிலாளி உறவுதான் என்று, மாறாக நிரூபிக்கப்படும் வரை, சட்டம் கொள்ளும். காலை ஏழரைக்கு வா, இந்தச் சட்டையைப் போடு, இந்தப் பாட்டைப் பாட வை என்று சொல்லிவிட்டு 'நீ சுயேச்சை ஆள்' என்றால் எடுபடாது.

ஆசிரியரின் மிகுநேரத்தைக் கணக்கில் எடுக்காதது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கம் அல்ல. அமெரிக்காவில் 1938-இல் வந்த நியாயமான உழைப்புத் தரச் சட்டத்தின் கீழ், பள்ளியில் பாடம் நடத்துவதை முதன்மை வேலையாகக் கொண்டவருக்கு மிகுநேரச் சம்பளம் கிடையாது. மற்ற தொழில்முறைப் பணியாளர்களுக்கு விலக்குத் தர ஒரு குறைந்தபட்சச் சம்பளத்தையாவது அந்தச் சட்டம் பார்க்கிறது. ஆசிரியருக்கு அதையும் பார்ப்பதில்லை. ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் நடக்காத பொழுதுபோக்கு முகாம்களுக்கும் தனி விலக்கு உண்டு. இந்தியாவில், கோவாவில் ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட ஆசிரியை சுந்தராம்பாள் தொடுத்த வழக்கில், தொழில் தகராறுச் சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்தது. கற்பித்தல் உயர்ந்த பணி, அதைக் கூலி வேலையோடு சேர்க்கக்கூடாது என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம். உயர்த்திப் பேசியே உரிமையைப் பறிப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பணிக்கொடைச் சட்டத்திலும் ஆசிரியர் ஊழியர் ஆகமாட்டார் என்று 2004-இல் அதே நீதிமன்றம் சொன்ன பிறகு, நாடாளுமன்றம் 2009-இல் சட்டத்தைத் திருத்தித்தான் அந்தக் கதவைத் திறக்க வேண்டியிருந்தது.

தென்கொரியாவின் அரசுத் திட்டம் வேறு வழியில் போனது. 1995-இல் தொடங்கிய எப்பிக் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை எடுக்கிறார்கள். வாரம் 22 மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் நடத்தும் ஒவ்வொரு மணிக்கும் தனித் தொகை என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். பள்ளி விடுமுறையில் நடக்கும் கோடை முகாம், குளிர்கால முகாம் இரண்டும் அந்த வேலைக்குள் அடங்கும். தனியார் பயிற்சி நிலையங்களின் கதை அங்கேயும் கசப்பானதுதான். ஆனாலும் அரசு தன் ஒப்பந்தத்தில் மணிக்கு இவ்வளவு என்று எழுதியதால், தனியாரிடம் பேரம் பேசுகிறவருக்கும் காட்டிப் பேச ஓர் அளவுகோல் கிடைத்தது.

ஜப்பானில் நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். நோவா என்ற மிகப் பெரிய மொழிப் பள்ளி நிறுவனம் 2007 அக்டோபரில் முறிந்தபோது, சுமார் 4,000 வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பள பாக்கியோடு தெருவில் நின்றார்கள். பலருக்குத் தங்கும் வீட்டையும் நிறுவனமே ஏற்பாடு செய்திருந்தது. வேலையும் வீடும் வருமானமும் ஒரே நாளில் போயின. சாப்பாட்டுக்குப் பாடம் நடத்தும் நிலைக்கு வந்தவர்கள் உண்டு. வேலை, விசா, வீடு மூன்றும் ஒரே கையில் இருந்தால் அந்த வேலைக்காரர் எதிர்த்துப் பேசமாட்டார். பினாங்கு முகாமில் ஆறு வாரம் தங்குகிறவருக்கும் இதே நிலைதான், சிறிய அளவில்.

பினாங்குக்கு வெளியூர் ஆங்கில ஆசிரியர் புதியவர் அல்லர். 1816-இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்தான் தென்கிழக்காசியாவின் மிகப் பழைய ஆங்கிலப் பள்ளி. 1852-இல் செயின்ட் சேவியர்ஸும் லைட் ஸ்ட்ரீட் கான்வென்டும் வந்தன. கப்பலில் வந்த ஆங்கிலேய ஆசிரியருக்குப் பயணச் செலவு, நீண்ட விடுப்பு, தங்க வீடு என்று சலுகைகள் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் வந்து அதே ஆங்கிலத்தைச் சொல்லிக்கொடுத்த தமிழ் ஆசிரியருக்கு அவற்றில் பெரும்பாலானவை எட்டவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்ளூர் ஆசிரியர்களுக்கு 'நார்மல் கிளாஸ்' என்ற பயிற்சி வகுப்பு இருந்தது. வார நாளெல்லாம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, ஓய்வு நேரத்திலும் வார இறுதியிலும் அவர்கள் பயிற்சிக்குப் போனார்கள். ஆசிரியரின் ஓய்வு நேரம் நிர்வாகத்துக்குச் சொந்தம் என்ற நினைப்பு இந்த மண்ணில் அத்தனை பழையது.

அந்த நினைப்பு ஒரு முறை நன்றாக ஆட்டம் கண்டது. 1967-இல் தேசிய ஆசிரியர் சங்கம் நாடு தழுவிய வேலை நிறுத்தத்தில் இறங்கியது. பெண் ஆசிரியருக்குச் சம ஊதியம் அதன் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. அதன் பிறகுதான் அஜிஸ் ஆணையம் அமைந்தது, ஆசிரியர்களின் சம்பளமும் சேவை நிலையும் ஒழுங்குக்கு வந்தன. இன்றைய முகாம் ஆசிரியருக்கு அப்படி ஒரு சங்கம் இல்லை. ஜூலையில் வந்து ஆகஸ்டில் போகிறவர் யாரோடு சேர்ந்து நிற்பார்?

அரசு கொண்டுவந்த வெளிநாட்டவர்களும் இருந்தார்கள். 2011 முதல் சில ஆண்டுகள், கல்வி அமைச்சு தாய்மொழி ஆங்கிலப் பயிற்றுநர்களை அழைத்து வந்து தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு வழிகாட்ட வைத்தது. 2012-இல் அமெரிக்காவின் ஃபுல்பிரைட் திட்டத்தில் 50 இளைஞர்கள் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியர்களாக வந்தார்கள், பின்னர் அந்த எண்ணிக்கை கூடியது. ஆங்கில முகாம் நடத்துவது அவர்களின் வேலைகளில் ஒன்று. அவர்கள் கைக்கு வந்தது உதவித்தொகை, சம்பளம் அல்ல. நல்லெண்ணப் பரிமாற்றமாக வந்தவர்கள் வார இறுதி முகாமை மகிழ்ச்சியோடுதான் நடத்தினார்கள். அதில் குறை காண எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பெற்றோரிடம் முழுக் கட்டணம் வாங்கி இலாபத்துக்கு நடக்கும் முகாமும் அதே தொண்டு மனப்பான்மையை ஆசிரியரிடம் எதிர்பார்ப்பது நியாயமே ஆகாது.

தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக்கு (வருகைக் கணக்கெடுப்புக்கு) நின்ற நம் தாத்தா பாட்டிகளுக்குக் கூலி குறைவாக இருந்தது, ஏச்சும் அடியும் இருந்தன. இருந்தாலும் யார் வேலைக்கு வந்தார் என்று பெயர் எழுத செக்ரோல் புத்தகம் ஒன்று இருந்தது. வழக்கு என்று வந்தால் காட்ட அந்தப் பக்கங்கள் உதவின. இன்றும் சட்டத்தின் 61-ஆம் பிரிவு ஒவ்வொரு முதலாளியும் தொழிலாளர் பதிவேடு வைத்திருக்க வேண்டும், அதை ஆறு ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்கிறது. முகாமில் பிள்ளைகளின் வருகைப் பதிவு நாளுக்கு நான்கு முறை எடுக்கப்படும். ஆசிரியர் எத்தனை மணிக்கு வேலை தொடங்கினார், எத்தனை மணிக்கு விட்டார் என்பதை எழுதி வைக்கும் முகாம் அரிது.

மனிதவள அமைச்சுக்கு ஒரு கோரிக்கை. 4,000 வெள்ளிக் கோட்டை எடுத்துவிடுங்கள், அல்லது வாரத்துக்கு 45 மணி நேரத்தைத் தாண்டும் எவருக்கும் மிகுநேரச் சம்பளம் உண்டு என்று திருத்துங்கள். கண்காணிப்பாளரும் மேலாளரும் தங்கள் நேரத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ள முடியும் என்பதால் அவர்களுக்கு விலக்குக் கொடுக்கலாம். மணியடித்தால் வகுப்புக்குப் போகும் ஆசிரியரை அவர்களோடு சேர்ப்பதில் அர்த்தம் இல்லை. அதுவரை குறைந்தபட்சம் குடிநுழைவு இலாகா ஒன்றைச் செய்யலாம். முகாம்களுக்காக வெளிநாட்டு ஆசிரியரைக் கேட்கும் விண்ணப்பங்களில், வகுப்பு நேரம், வகுப்பு அல்லாத வேலை நேரம், மிகுநேரத்துக்கான தொகை மூன்றும் எழுதிய ஒப்பந்தம் இல்லாவிட்டால் அனுமதி இல்லை என்று சொல்லலாம். புதிய சட்டம் தேவையில்லை, விண்ணப்பத்தில் மூன்று கட்டம் போதும்.

முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கும் சொல்கிறேன். ஆசிரியர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்பதோடு, இரவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் யார், பகலில் பாடம் நடத்தியவரேதானா என்றும் கேளுங்கள். பதினான்கு மணி நேரம் விழித்திருந்தவரின் பொறுப்பில் பத்து வயதுப் பிள்ளையைக் கடற்கரைக்கு அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது.

இந்த வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு, அவர்கள் மணிலாவிலிருந்து வந்தாலும் மதுரையிலிருந்து வந்தாலும் மான்செஸ்டரிலிருந்து வந்தாலும், என் ஆலோசனை ஒன்றுதான். கையெழுத்துப் போடும் முன் 'முகாம் நடவடிக்கைகளில் பங்கேற்பு' என்ற வரியை அடித்துவிட்டு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வாரம் எத்தனை மாலை, அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். சம்பளம் 4,000-த்தைத் தாண்டியவருக்குச் சட்டம் மிகுநேரச் சம்பளத்தைத் தராவிட்டாலும் ஒப்பந்தம் தரலாம். ஒப்பந்தத்தில் இருந்தால் அதைக் கேட்டுத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். 2023 முதல் எந்தச் சம்பளக்காரரும் அங்கே புகார் கொடுக்க முடியும், வெளிநாட்டவரும் கொடுக்க முடியும். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. தினமும் வேலை தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதி வையுங்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே புகாரைக் கொடுத்துவிடுங்கள்.